நாமா, நாங்களா? – சின் பெயினும் அயர்லாந்தின் விடுதலைப் போராட்டமும்



இலக்கியத் தொடர் ஒன்றிலே ஓர் அரசியற் கட்சியைப் பற்றிப் பேச வருவது பொருந்துமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அயர்லாந்தைப் பொறுத்தவரையில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. அந்த நாட்டிலே கவிஞர்கள் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார்கள். நாடகக் கொட்டகையிலே அரசியற் சண்டை நடந்தது. மொழிச் சங்கம் ஒன்றின் மாலை வகுப்புகளிலிருந்து அமைச்சர்கள் புறப்பட்டு வந்தார்கள். அங்கு தோன்றிய சின் பெயின் என்ற கட்சியின் பெயரே ஓர் இலக்கணப் பிரச்சினை. தமிழாசிரியனாகிய என்னை அந்தக் கட்சியின் வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றதும் அப்பெயர்தான்.

'ஷின் பேன்' என்பதே ஐரிஷ் உச்சரிப்புக்கு அண்மையானது. ஆயினும் நமது பத்திரிகைகளில் 'சின் பெயின்' என்ற வடிவம் நிலைத்துவிட்டபடியால் நானும் அதையே கைக்கொள்கிறேன். அது இரண்டு சொற்களாலான தொடர். முதலாவது தன்மைப் பன்மைப் பெயர். இரண்டாவது அதற்கு அழுத்தம் தருவது. நமது தேற்றேகாரம் செய்கிற வேலையை ஏறத்தாழ அது செய்கிறது. எனவே 'நாமே' என்று பெயர்க்கலாம். ஆனால் 'நாங்களே' என்றும் பெயர்க்கலாம் அல்லவா? இங்கேதான் சிக்கல். கேட்பவனையும் உள்ளே சேர்த்துக்கொண்டு பேசுவது 'நாம்'. அவனை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவது 'நாங்கள்'. முன்னிலையாரை உளப்படுத்துவதும் உளப்படுத்தாததும் வேறு வேறு என்பதைத் தொல்காப்பிய உரைகாரர்கள் விரித்துரைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சிலே 'நாங்கள்' என்ற ஒன்றே இரண்டு வேலையையும் செய்துவிடுகிறது என்றாலும் எழுதும்போது நாம் அந்த வேறுபாட்டைக் கைவிடவில்லை. ஐரிஷ் மொழியிலோ ஆங்கிலத்திலோ இந்த வேறுபாடே இல்லை. சின் பெயின் என்று சொன்ன ஒருவர் தமக்கு முன்னே நின்ற அயலவனை உள்ளே அழைத்தாரா, வெளியே நிறுத்தினாரா என்பதைச் சொல்லை வைத்து அறிய முடியாது. அவர் செய்ததை வைத்துத்தான் அறியவேண்டும். ஆங்கிலப் பத்திரிகைகள் அதனை 'நாங்கள் மட்டுமே' என்று பொருள்படப் பெயர்த்துப் பரப்பின. 'மட்டும்' என்ற சொல் மூலத்திலே இல்லை.

கட்சிக்கு இந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவர் மேரி பட்லர் என்ற எழுத்தாளர். பிற்காலத்தில் அயர்லாந்தின் சுயாட்சியை எதிர்த்து வட பகுதி மக்களைத் திரட்டிய எட்வேட் கார்சனுக்கு அவர் உறவினர். ஒரே குடும்பத்திலே ஒருவர் 'நாம்' என்ற சொல்லைக் கொடுக்க, மற்றவர் அதற்குள் வரமாட்டேன் என்று நின்றார்.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1801ஆம் ஆண்டு தொடக்கம் அயர்லாந்துக்கெனத் தனிப் பாராளுமன்றம் இருக்கவில்லை. அதன் பிரதிநிதிகள் லண்டன் சென்று அங்குள்ள பாராளுமன்றத்தில் அமர்ந்தார்கள். 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றதிலிருந்து தொடர்ந்த பெரும் பஞ்சத்திலே சுமார் 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அதற்கும் அதிகமானோர் கப்பலேறினர். மாண்டவர்களிலும் போனவர்களிலும் பெரும் பங்கினர் ஐரிஷ் மொழி பேசிய ஏழைக் கிராமத்தவர்கள். பாடசாலைகளிலும் ஆங்கிலமே போதனா மொழி. ஒரு மொழி எவ்வாறு இரண்டு தலைமுறைக்குள் வீட்டு முற்றத்தை விட்டு வெளியேறுகிறது என்பதற்கு இதைவிடத் துயரமான உதாரணங்கள் அதிகமில்லை.

இந்த நிலையிலேதான் 1893இல் டக்ளஸ் ஹைட் என்பவர், ஓவன் மக்னீல் முதலியோருடன் சேர்ந்து கெலிக் லீக் என்ற மொழிச் சங்கத்தை நிறுவினார். ஹைட் ஒரு புரட்டஸ்தாந்து மதகுருவின் மகன். கத்தோலிக்கக் கிராமத்தவர்களின் வாயிலிருந்து ஐரிஷ் மொழியைக் கற்று, அவர்களுடைய காதற் பாடல்களையும் கதைகளையும் தொகுத்தவர். மொழி எல்லோருக்கும் பொது. சமயமும் கட்சியும் அதற்குள் வரலாகாது என்பது அவருடைய கொள்கை. அவர் சொன்னது மிகத் தெளிவான 'நாம்'. ஆனால் அவருடைய வகுப்புகளிலே மொழி படித்த இளைஞர்கள் மொழியோடு நிற்கவில்லை. 1915இல் சங்கம் சுதந்திர அயர்லாந்து என்ற அரசியல் இலக்கை ஏற்றபோது ஹைட் தலைவர் பதவியைத் துறந்து வெளியேறினார்.

சின் பெயினைத் தோற்றுவித்த ஆதர் கிறிபித் வேறு வார்ப்பு. 1871இல் டப்ளினிலே பிறந்தவர். தொழிலால் அச்சுக்கோப்பவர். ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கி அடுக்கியவர் பின்னர் அதே கையாற் கட்டுரைகளை எழுதினார். 1899இல் நண்பர் வில்லியம் றூனியுடன் சேர்ந்து ஒரு வாராந்தப் பத்திரிகையைத் தொடங்கினார். கவிஞர் யேற்ஸ் அதில் எழுதினார். மேடைப் பேச்சிலே கிறிபித்துக்கு வல்லமை இல்லை. குட்டையான, கூச்ச சுபாவமுள்ள, கண்ணாடி அணிந்த ஒரு மனிதர். வாழ்நாள் முழுவதும் வறுமை. அவரிடம் இருந்தது பேனா ஒன்றே.

1904இல் அவர் தமது பத்திரிகையில் ஹங்கேரியைப் பற்றித் தொடர் கட்டுரை ஒன்றை எழுதினார். ஹங்கேரியர் வியன்னாவிலிருந்த பாராளுமன்றத்துக்குத் தம் பிரதிநிதிகளை அனுப்ப மறுத்து, 1867இல் ஒஸ்திரியாவுக்குச் சமமான நாடாகத் தம்மை ஏற்கச் செய்தார்கள்; அயர்லாந்தும் அவ்வாறே செய்யட்டும் என்பது அதன் சாரம். ஐரிஷ் உறுப்பினர் லண்டனை விட்டுத் திரும்பி டப்ளினிலே சபை கூட்டவேண்டும். சொந்த மத்தியஸ்த மன்றங்கள், சொந்த வங்கி, சொந்த வணிகக் கப்பல்கள், உள்ளூர்க் கைத்தொழிலுக்குக் காப்பு வரி என்பன வேண்டும். அரசர் இரு நாட்டுக்கும் ஒருவராகவே இருக்கலாம். 1905 நவம்பரில் இக்கொள்கை முறையாக வெளியிடப்பட்டது. நேயர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பின்னாளிலே துப்பாக்கியோடும் குடியரசோடும் இணைத்துப் பேசப்பட்ட சின் பெயின், தொடக்கத்தில் அரசரை ஏற்ற, ஆயுதத்தை நாடாத ஓர் இயக்கம். அந்நிய அரசை எதிர்த்துத் தாக்குவதல்ல, அது இல்லாதது போல நடந்துகொள்வதே அதன் உபாயம்.

இலக்கியத்தோடு கிறிபித்துக்கு இருந்த உறவு விசித்திரமானது. 1902இல் யேற்ஸும் லேடி கிறெகறியும் எழுதிய, அயர்லாந்தை ஒரு முதியவளாக உருவகித்த நாடகத்திலே மோட் கொன் நடித்தபோது தேசியவாதிகள் மெய்மறந்தார்கள். அடுத்த ஆண்டே சண்டை தொடங்கிவிட்டது. வயோதிபக் கணவனை விட்டு ஒரு நாடோடியுடன் வெளியேறும் இளம் மனைவியைப் பற்றி ஜே. எம். சிஞ் ஒரு நாடகம் எழுதினார். ஐரிஷ் பெண் ஒருத்தி இப்படிச் செய்யவேமாட்டாள். இது உரோமாபுரியின் பழங்கதை ஒன்றிலிருந்து எடுத்தது என்று கிறிபித் தாக்கினார். உண்மையில் சிஞ் அக்கதையை அரன் தீவிலே ஐரிஷ் மொழி பேசிய ஒரு முதிய கதைசொல்லியின் வாயிலிருந்து கேட்டிருந்தார்! 1907 ஜனவரியில் சிஞ்ஞின் மற்றொரு நாடகம் அபே அரங்கில் மேடையேறியது. தகப்பனைக் கொன்றுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வரும் இளைஞனை ஒரு கிராமமே வீரனாகக் கொண்டாடும் கதை. பெண்களின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல் மேடையில் ஒலித்ததும் கொட்டகையிலே கூச்சல் எழுந்தது. பொலிசார் அழைக்கப்பட்டனர். கிறிபித்தின் பத்திரிகை நாடகத்தைக் கண்டித்தது. நாட்டு மக்களைப் பற்றி நல்லதை மாத்திரமே எழுதவேண்டும் என்று எழுத்தாளனுக்குக் கட்டளையிடுகிற தேசியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கிராமத்துக் குடிகாரனும் ஓடிப்போன மனைவியும் 'நாம்' என்பதற்குள் அடங்கமாட்டார்களா?

வேறு சிலரும் அடங்கவில்லை. 1904இல் லிமரிக் நகரிலே யூத வியாபாரிகளைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் எழுந்தபோது கிறிபித்தின் பத்திரிகை அதற்கு ஆதரவாக எழுதியது. 1913இல் டப்ளின் தொழிலாளர் மாதக்கணக்கிற் பட்டினி கிடந்த கதவடைப்பின்போது அவர் தொழிற்சங்கத் தலைவர் லார்க்கினை எதிர்த்தார். அதே ஆண்டிலே, சென்ற தலைமுறைப் போராளி மிச்சலின் சிறைக் குறிப்புகளுக்கு எழுதிய முன்னுரையில், மிச்சல் அமெரிக்க அடிமை முறையை ஆதரித்தமைக்காக வருந்தத் தேவையில்லை என்ற தொனியில் வாதிட்டார். பெரும் பணி செய்தவர் என்பதற்காக இவற்றை மறைப்பது கிறிபித்துக்கும் மரியாதையாகாது.

ஜேம்ஸ் ஜொய்ஸ் இதை நுட்பமாகக் கண்டார். நாட்டைவிட்டு வெளியேறி ஐரோப்பாவில் வாழ்ந்தபோதும் அவர் கிறிபித்தின் பத்திரிகையை வரவழைத்து வாசித்தார். அதன் பொருளாதாரக் கொள்கையை மெச்சினார். இனவெறுப்பைப் புகட்டுவதை மாத்திரம் ஏற்கவில்லை. தமது சிறுகதைத் தொகுதியை வெளியிட அச்சகத்தார் அஞ்சியபோது ஜொய்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதத்தை 1911இல் துணிந்து முழுமையாக வெளியிட்டவர் கிறிபித் என்பதையும் சொல்லவேண்டும். மனிதர்கள் ஒரே நிறத்திலே அமைவதில்லை. 1922இல் வெளிவந்த 'யுலிசீஸ்' நாவலிலே ஜொய்ஸ் ஒரு வேடிக்கை செய்தார். அதன் நாயகன் புளூம் ஹங்கேரியிலிருந்து வந்த யூதத் தகப்பனின் மகன். மதுச்சாலையிலே ஒருவர் சொல்கிறார், சின் பெயினுக்கான யோசனையைக் கிறிபித்துக்குக் கொடுத்தவரே இந்தப் புளூம்தான் என்று! அதே மதுச்சாலையிலே உன் தேசம் எது என்று கேட்கிறார்கள். இங்கே பிறந்தேன், அயர்லாந்து என்கிறான் அவன். இறுதியில் அவனை அங்கிருந்து விரட்டுகிறார்கள். கதை நடக்கும் நாள் 1904 யூன் 16. லிமரிக் பகிஷ்கரிப்பு நடந்துகொண்டிருந்த ஆண்டு. இந்தப் பொருத்தத்தை ஜொய்ஸ் அறியாமற் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

கட்சியோ வளரவில்லை. 1908இல் லெயிற்றிம் வட தொகுதி இடைத்தேர்தலிலே முதன்முறை போட்டியிட்டுத் தோற்றது. அதன் பின்னர் சில ஆண்டுகள் பெயரளவிலேயே இருந்தது. அதற்கு உயிர் கொடுத்தது அதன் எதிரிகள்தான் என்பது வரலாற்றின் விநோதம்.

1916 ஏப்ரல் 24ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள், டப்ளின் தபாற் கந்தோரைக் கைப்பற்றிய கிளர்ச்சியாளர் குடியரசைப் பிரகடனம் செய்தனர். அதிலே ஒப்பமிட்ட எழுவரில் மூவர் கவிஞர். பற்றிக் பியேர்ஸ் ஒரு பாடசாலை அதிபர். தோமஸ் மக்டொனா பல்கலைக்கழகத்திலே இலக்கியம் கற்பித்தவர். ஜோசப் பிளங்கற் நோயாளியான இளைஞர். ஒரு வாரத்துக்குள் கிளர்ச்சி அடங்கியது. இதனைத் திட்டமிட்டது சின் பெயின் அல்ல. கிறிபித் அதிற் பங்குபற்றவும் இல்லை. எனினும் அரசாங்கமும் பத்திரிகைகளும் அதற்குச் 'சின் பெயின் கலகம்' என்று பெயரிட்டன. 3,000க்கும் அதிகமானோர் கைதாயினர். கிறிபித்தும் சிறை சென்றார். மே 3 முதல் 12 வரை நாளுக்குச் சிலராகச் சுட்டார்கள். ஒகஸ்டில் றோஜர் கேஸ்மன்றைத் தூக்கிலிட்டதோடு மரண தண்டனை பெற்றோர் தொகை 16 ஆயிற்று. கிளர்ச்சியின்போது திட்டிய டப்ளின் மக்கள், தண்டனைகளின்போது மனம் மாறினார்கள். மாறியவர்களுக்குச் சேர ஓரிடம் வேண்டியிருந்தது. பகைவர் சூட்டிய பெயரோடு அந்த இடம் ஆயத்தமாக இருந்தது.

தம் நாடகம் சிலரைத் துப்பாக்கிகளின் முன்னே அனுப்பியதோ என்ற கேள்வி யேற்ஸை முதுமை வரையில் விடவில்லை. இறுதிக் காலக் கவிதை ஒன்றிலே அதைத் தம்மிடமே கேட்டுக்கொண்டார். எழுதுகிறவர்கள் எல்லோருமே ஒரு முறையாவது நின்று பார்க்கவேண்டிய கேள்வி அது.

1917 ஒக்டோபர் மாநாட்டிலே, கிளர்ச்சியில் உயிர் தப்பிய ஈமன் டி வலெறாவுக்குத் தலைமையை விட்டுக்கொடுத்துக் கிறிபித் உப தலைவரானார். முதலில் குடியரசை அடைவது, பின்பு எவ்வகை ஆட்சி என்பதை மக்களே வாக்களித்து முடிவு செய்வது என்று ஒரு சமரச வாசகம் எழுதப்பட்டது. மறு ஆண்டு கட்டாய ஆட்சேர்ப்பை அயர்லாந்துக்கும் விரிக்க லண்டன் முயன்றதும் நாடே கொதித்தது. 1918 டிசம்பர் தேர்தலில் அயர்லாந்தின் 105 ஆசனங்களில் 73ஐச் சின் பெயின் வென்றது. பல்லாண்டுகளாக லண்டனிலே வாதாடிய பழைய சுயாட்சிக் கட்சிக்குக் கிடைத்தவை 6. போட்டியின்றித் தெரிவான ஆசனங்கள் 25 என்பதையும், வட கிழக்கிலே பிரித்தானியாவுடன் இணைந்திருக்க விரும்பியோரே பெரும்பாலும் வென்றனர் என்பதையும் சேர்த்தே இத்தொகையை வாசிக்கவேண்டும். பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதலாவது பெண் கொன்ஸ்ரன்ஸ் மார்க்கியேவிச் சின் பெயின் வேட்பாளரே. அப்போது அவர் லண்டனிலே சிறையிலிருந்தார். கட்சிக் கொள்கைப்படி அந்தப் பாராளுமன்றத்துக்குள் அவர் போகவேயில்லை.

1919 ஜனவரி 21ஆம் திகதி டப்ளின் நகர முதல்வரின் மாளிகையிலே முதலாவது பேரவை கூடியது. பெரும்பாலும் ஐரிஷ் மொழியிலேயே நடவடிக்கைகள் நடந்தன. வந்திருந்தவர்கள் 30 பேருக்கும் குறைவு. ஏனையோரில் பலருடைய பெயர் வாசிக்கப்பட்டபோது, அந்நியரின் சிறையில் என்று பதில் வந்தது. அயர்லாந்திலே தெரிவான எல்லா உறுப்பினரது பெயரும் வாசிக்கப்பட்டன. கார்சனின் பெயரும் வாசிக்கப்பட்டது. வரவில்லை என்று பதிவாயிற்று. இந்த ஒரு கணம் என்னை மிகவும் ஈர்க்கிறது. அழைப்பு எல்லோருக்கும் போயிருந்தது. அது உள்ளன்போடு விடுத்த அழைப்பா, சம்பிரதாயமா? வடக்கே இருந்தவர்கள் அதில் 'நாம்' என்பதைக் கேட்டார்களா, 'நாங்கள்' என்பதைக் கேட்டார்களா?

அதே நாளில் திப்பரறிப் பகுதியிலே பேரவையின் அனுமதியின்றித் தொண்டர் சிலர் இரண்டு பொலிசாரைச் சுட்டுக் கொன்றனர். ஒரே நாளிலே இரு பாதைகள் தொடங்கின. ஆயுதப் பாதையைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். மற்றப் பாதையிலே சின் பெயின் செய்ததுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. நிதியமைச்சர் மைக்கல் கொலின்ஸ் தலைமறைவாக இருந்துகொண்டே உள்நாட்டில் மாத்திரம் சுமார் 370,000 பவுண் கடன் திரட்டினார். கடன் விளம்பரத்தை வெளியிட்ட பத்திரிகைகள் தடை செய்யப்பட்டன. கிராமங்களிலே பேரவையின் நீதிமன்றங்கள் காணி வழக்குகளைத் தீர்த்தன. கட்சியைப் பிடிக்காத நிலப்பிரபுக்களும் அங்கே நியாயம் தேடிச் சென்றார்கள். 1920இல் நகரசபைகள் பலவும் லண்டனை விட்டுப் பேரவைக்குக் கணக்குக் காட்டின. அரசு இல்லாமலே அரசு நடத்துவது என்ற கிறிபித்தின் பழைய எண்ணம் மெய்யாயிற்று. டி வலெறா அமெரிக்காவில் ஆதரவு தேடிய காலத்தில் அவருக்குப் பதிலாக இதை மேற்பார்த்தவரும் கிறிபித்தே.

ஆனால் இரத்தம் பெருகிற்று. 1920 ஒக்டோபர் 25இல் கோர்க் நகர முதல்வரும் நாடகாசிரியருமான ரெறன்ஸ் மக்ஸ்வினி 74 நாள் உண்ணாவிரதத்தின் பின் லண்டன் சிறையிலே இறந்தார். நவம்பர் 21ஆம் திகதி காலை கொலின்ஸின் ஆட்கள் உளவு அதிகாரிகள் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர்; பிற்பகல் அரச படையினர் உதைபந்தாட்ட மைதானமொன்றிலே சுட்டு 14 பேரைக் கொன்றனர். ஆயுதப் படையின் செயல்களுக்குப் பேரவை 1921 வசந்தத்திலேதான் பகிரங்கமாகப் பொறுப்பேற்றது. அதற்குள் இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

1921 யூலையிற் போர் நிறுத்தம் வந்தது. டிசம்பர் 6இல் கிறிபித்தும் கொலின்ஸும் லண்டனிலே உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். 26 மாவட்டங்களுக்குக் கனடாவைப் போன்ற டொமினியன் அந்தஸ்து. அரசருக்கு விசுவாசப் பிரமாணம். வடக்கே 6 மாவட்டங்கள் விலகிக்கொள்ளலாம். பேரவையிலே வாரக்கணக்காக விவாதித்தார்கள். அவ்விவாதங்களைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று புலப்படும். பிரமாணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசியவர்கள் வடக்கைப் பற்றிப் பேசியது மிகச் சொற்பம். 1922 ஜனவரி 7இல் 64 வாக்குகள் ஆதரவாகவும் 57 எதிராகவும் விழுந்தன. பெண் உறுப்பினர் அறுவரும் எதிர்த்தே வாக்களித்தார்கள். யூனிலே உள்நாட்டுப் போர் மூண்டது. ஒகஸ்ட் 12இல் கிறிபித் திடீரென இறந்தார். வயது 51. பத்து நாளின் பின் கொலின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். 'நாமே' என்று ஒன்றாகக் கூவியவர்கள் ஒருவரையொருவர் 'அவர்கள்' என்று சுட்டத் தொடங்கி எட்டு மாதங்கூட ஆகவில்லை.

பின்னர் நாட்டை மாறிமாறி ஆண்ட இரு பெரிய கட்சிகளும் இந்தப் பிளவிலே பிறந்தவை. 1926இல் டி வலெறாவும் வெளியேறிய பின் சின் பெயின் சிறு குழுவாகச் சுருங்கியது. இன்று அப்பெயரோடு இருக்கும் கட்சிக்கு 1970இன் பிளவும் 1998இன் சமாதான உடன்படிக்கையும் கடந்த வேறொரு நீண்ட வரலாறு உண்டு. அதன் உறுப்பினர் ஒருவர் 2024இல் வட அயர்லாந்தின் முதலமைச்சரானார். அதனைப் பற்றி இப்போது பேச நேரம் போதாது.

நமது பக்கத்தோடு ஒரு சிறு தொடர்பைச் சொல்லிச் செல்கிறேன். யேற்ஸோடு நாடகம் எழுதிய காலத்தவரான ஜேம்ஸ் கசின்ஸும், டப்ளினிலே பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்ற அவருடைய மனைவி மார்கிரற்றும் 1915இல் சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தார்கள். 1917இல் அங்கு தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் தாபகர்களில் மார்கிரற் ஒருவர்.

டக்ளஸ் ஹைட் என்னவானார் என்று கேட்பீர்கள். 1938இல், புதிய அரசியல் யாப்பின் கீழ், எல்லாக் கட்சிகளும் இணங்கி அவரை அயர்லாந்தின் முதலாவது ஜனாதிபதியாகப் போட்டியின்றித் தெரிவு செய்தன. 1949 ஏப்ரலில் அயர்லாந்து முழுமையான குடியரசாயிற்று. அதே ஆண்டு யூலையிலே ஹைட் காலமானார். டப்ளின் சென் பற்றிக் பேராலயத்திலே புரட்டஸ்தாந்து முறைப்படி இறுதி வழிபாடு நடந்தது. அப்படியான வழிபாட்டிற் கலந்துகொள்ளக் கூடாதென்று கத்தோலிக்கருக்கு அன்று விதி இருந்தது. பிரதமரும் அவருடைய அமைச்சர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆலயத்துக்கு வெளியே, வீதியோரத்தில் நிறுத்தியிருந்த தங்கள் கார்களுக்குள் அமர்ந்து, பிரேதப் பெட்டி வெளியே வரும்வரை காத்திருந்தார்கள். ஒஸ்ரின் கிளார்க் என்ற கவிஞர் அந்தக் காட்சியைப் பின்னர் ஒரு கவிதையாக எழுதினார்.